குணா சார் மேடைக்கு வரவும்

ஆர்.கே.புரம், புது தில்லி
30 நவம்பர் 2025

குணா அண்ணனுக்கு, பூவராகவன் எழுதிக்கொள்வது.

ஆகஸ்டிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பிலும் என்னைப் பிளாக் பண்ணிவிட்டீர்கள். சரி, தபால்காரரை எப்படிப் பிளாக் பண்ணுகிறீர்கள் பார்க்கலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் நான் தட்டத் தட்ட அது என் காதில் படித்துக் காட்டுகிறது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பள்ளிக்கூடத்தின் விலாசத்தை அச்சுதன் சாரிடம் கெஞ்சி வாங்கினேன். கோச்சுக்கு எல்லார் விலாசமும் தெரிகிறது, கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே தமிழ் அமைப்பில் எனக்குப் பாராட்டு. மார்ச்சில் தேசியப் போட்டியில் நானூறு மீட்டருக்கு நாம் வாங்கிய தங்கத்துக்கு இப்போதுதான் அவர்களுக்கு ஹால் கிடைத்திருக்கிறது. செயலாளர் கல்யாணராமன் சார் என் ரூமுக்கே வந்துவிட்டார். "ஏற்புரை அஞ்சு நிமிஷம் போதும். குடும்பம், கூட ஓடினவா, அதிர்ஷ்டம், இந்த மூணையும் தொட்டுட்டு உக்காந்துடுங்கோ. அப்புறம் சாப்பாடு" என்றார். வருஷக் கடைசியில் நன்றி சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் நன்றாக இருக்குமாம்.

அதோடு விட்டாரா? "தப்பா எடுத்துக்கப்படாது, கண்ணு தெரியாம டிராக்ல எப்படி ஓடறேள்?" என்று கேட்டார். சொன்னேன். "கூட ஒருத்தரு ஓடுவாரு சார். சின்னதா ஒரு கயிறு, ஒரு முனை எங்கிட்ட, ஒரு முனை அவருகிட்ட. வளைவு வந்தா சொல்லுவாரு. ஒரே ஒரு ரூல்தான். கோட்டை நான்தான் முதல்ல தாண்டணும். அவரு நெஞ்சு துளி முன்னால போனாலும் ரெண்டு பேரும் அவுட்டு." அவர் ஆச்சரியப்பட்டு, "அப்படி யாராவது முன்னால போயிருக்காளா என்ன?" என்றார். நான் காபி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சை மாற்றினேன்.

அண்ணா, விழாவுக்கு வாருங்கள். பிப்ரவரியில் ஆசியப் போட்டிக்கு மறுபடி செலக்‌ஷன் இருக்கிறது. ஆகஸ்டில் போனதை அதில் பிடித்துவிடலாம். அதையும் விட்டால் நான் இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குள் எனக்கு வயசாகிவிடும். நீங்கள் இல்லாமல் நான் யாரோடு ஓடுவது? எழுதுங்கள்.

பூவா

* * *

ஓசூர்
6 டிசம்பர் 2025

பூவராகவனுக்கு,

இதை அவனுக்குப் படித்துச் சொல்பவர் யாராயிருந்தாலும் முதலில் வணக்கம். சிரமத்துக்கு மன்னிக்கவும். என் கையெழுத்து சுமார்தான்.

கடிதம் கிடைத்தது. பாராட்டுக்கு வாழ்த்துகள். எனக்கு அரைப்பரீட்சை, விளையாட்டு விழா என்று வேலை நிறைய. லீவு கிடையாது. பிப்ரவரிக்கும் கிடையாது.

மேடையில் உன் அம்மாவைச் சொல். அக்காவைச் சொல். ஆபீஸில் பெர்மிஷன் கொடுத்தவர்களைச் சொல். அச்சுதன் சாரைச் சொல்ல மறக்காதே, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். என் பெயர் வேண்டாம்.

குளிரில் உடம்பைச் சூடாக்காமல் ஓடாதே.

குணா

* * *

ஆர்.கே.புரம்
11 டிசம்பர் 2025

குணா அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் செக்‌ஷனில் சியாமளா மேடம்தான் படித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டப்பாவை மூடி வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசித்தார். தமிழ் தெரியாதவர்கள்கூட சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "என் பெயர் வேண்டாம்" என்ற இடம் வந்ததும் மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டு, "ஏன்ப்பா, ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.

நீங்கள் கையால் எழுதியதன் சூட்சுமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்து வருஷம் ஒரே ரூமில் இருந்தவர், எனக்கு எதைக் காதால் படிக்க முடியும் எதை முடியாது என்று தெரியாதவரா? நடுவில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டால் நான் எதுவும் கேட்க மாட்டேன், நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் பேச்சு சியாமளா மேடம் குரலில் வந்தது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

புதிதாக ஷ்ரவண் என்று ஒருவரை அச்சுதன் சார் சேர்த்திருக்கிறார். இருபத்தாறு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். பேசுவது தமிழ், எழுதத் தெரியாது. "பையா, டர்ன் வருது, டர்ன் வருது, அச்சா, இப்ப நேரா, ஜல்தி ஜல்தி" என்று இந்தியைக் கலந்து முழுச் சுற்றும் பேசிக்கொண்டே வருகிறார், பையா என்றால் அண்ணனாம். நீங்கள் சுற்றுக்கு நாலு வார்த்தை பேசுவீர்கள். இவரோடு ஓடினால் மெட்ரோவில் ஏறியது போல இருக்கிறது, அடுத்த ஸ்டேஷன் எது என்பதை மட்டும்தான் சொல்லவில்லை. நல்ல மனிதர், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அவரோடு நான் இன்னும் ஒருநாள்கூட முழுசாக ஓடவில்லை. கால் வரமாட்டேன் என்கிறது.

இங்கே மூடுபனி ஆரம்பித்துவிட்டது. காலையில் ஆபீஸுக்குப் போகும்போது எல்லாரும் தடவித் தடவி நடக்கிறார்கள். நான் வழக்கம்போல என் குச்சியைத் தட்டிக்கொண்டு வேகமாகப் போகிறேன். நேற்று ஒரு சர்தார்ஜி என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். என் குச்சியை அவர் பார்க்கவேயில்லை என்று நினைக்கிறேன். ரூமுக்கு வந்து இதைச் சொல்ல ஆள் இல்லை.

அண்ணா, ஆகஸ்டில் நான் பேசியது அதிகம். நாம் அவுட் என்றதும் அத்தனை பேர் நடுவில், "கடைசியில ஒங்களுக்குத்தான் ஜெயிக்கணும்னு இருந்திருக்கு" என்று கத்தினேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் ரயில். நெஞ்சை நீட்டுவது பழைய ஓட்டக்காரரின் பழக்கதோஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே ஆறியிருப்பேன். ஏன் அப்படி முன்னால் போய் விழுந்தீர்கள்? ஈமெயிலில் எழுதுங்கள். போன் படித்துக்கொள்ளும், வேறு யாருக்கும் கேட்காது.

பூவா

* * *

ஈமெயில்
16 டிசம்பர் 2025

பூவா,

இது உன் காதுக்கு மட்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள்.

ஜெயிக்கிற ஆசை எனக்கு இருந்தது என்கிறாய். இருந்தது, தனியாக ஓடின காலத்தில். ஜில்லா அளவைத் தாண்டவில்லை. அப்போது எனக்கு மூன்றாம் இடம்கூட வராது. என் கழுத்தில் விழுந்த ஒரே தங்கம் மார்ச்சில் உன்னோடு ஓடினபோது விழுந்ததுதான். உன்னை முந்திப் போய் நான் என்னத்தை வாங்கப் போகிறேன்?

ஏப்ரல் கடைசியிலிருந்து என்னால் முடியவில்லை. முப்பத்தாறு வயது. கடைசி நூறு மீட்டரில் நெஞ்சு அடைத்தது. உனக்கு அது கேட்டிருக்கிறது, உன் காதுக்கு எது கேட்காது? அப்புறம் நான் ஒன்றைக் கவனித்தேன். நான் இரைக்க இரைக்க ஓடுகிறேன், நீ பஜனைக்குப் போகிறவன் மாதிரி அமைதியாகப் பக்கத்தில் வருகிறாய். முழுசாக ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்காதா? மே, ஜூன், ஜூலை மூன்று மாசமும் நீ எனக்காக அடக்கி ஓடினாய். நான் தெரியாத மாதிரி இருந்தேன்.

கடைசி நேர்கோட்டில் நான் "ஃபுல்லு" என்று கத்தினால் நீ இருப்பதையெல்லாம் கொட்டி ஓட வேண்டும். அதுதான் நம் ஏற்பாடு. பிராக்டிஸில் ஏமாற்றினாய், போகட்டும். செலக்‌ஷன் அன்றைக்காவது பாய்வாய் என்று நம்பினேன். நீ பாயும்போது நான் பின்னால் தொங்கினால் கயிறு உன் கையை இழுக்கும், வேகம் கெடும். அதனால் உடம்பில் மிச்சமிருந்ததையெல்லாம் போட்டு எம்பினேன். நீ பாயவில்லை. கயிறு தொளதொளவென்று தொங்கியது. எனக்காக நீ கடைசி எட்டிலும் மெதுவாகத்தான் வந்தாய். அதனால்தான் என் நெஞ்சு முதலில் போனது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கத்தினாய். பதில் சொல்வதென்றால் எனக்கு மூச்சு பத்தவில்லை என்று அச்சுதன் சார் முன்னால் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. ஜெயிக்க ஆசைப்பட்டவன் என்று பெயர் வாங்குவது அதைவிட மேலாகத் தெரிந்தது.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் நீ கத்தியதற்கு இல்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட்டாய் பார், அதற்கு.

குணா

* * *

ஆர்.கே.புரம்
18 டிசம்பர் 2025 (ஈமெயில்)

அண்ணா,

மூன்று தரம் கேட்டேன். போன் குரலுக்குக் கோபமும் தெரியாது, அழுகையும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் படித்தது. நான்தான் உங்கள் குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அடக்கித்தான் ஓடினேன். ஆனால் பாவப்பட்டேன் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. மே மாசம் அச்சுதன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குணாவால முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளப் போட்டுடறேன்" என்றார். "நல்லாத்தான் ஓடுறாரு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு ஆள் வந்தால் உங்களுக்கு தில்லியில் என்ன வேலை? ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். பயமாக இருந்தது அண்ணா. அவ்வளவுதான். உங்களை இங்கேயே வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி மெதுவாக ஓடுவதுதான்.

இப்போது பாருங்கள், நான் எதற்குப் பயந்தேனோ அதை நானே செய்துகொண்டேன். செலக்‌ஷனும் போனது, நீங்களும் போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது தெரியுமா? காலையில் மலை மந்திர் வரைக்கும் நடந்து போய் படிக்கட்டில் உட்காருகிறேன். தமிழ் காதில் விழும் என்றுதான். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், செருப்பை எங்கே விட்டோம் என்று சண்டை போடுகிறார்கள், போகிறார்கள். யாராவது ஒருவர் என்னை எழுப்பி, வேண்டாம் என்றாலும் கேட்காமல், சந்நிதி வரைக்கும் கூட்டிப் போய் விட்டுவிடுகிறார். புண்ணியம் அவருக்கு. முருகனை ஒரே காலையில் இரண்டு முறைகூடக் கும்பிட்டிருக்கிறேன். மத்தியானம் ரூமுக்கு வந்து படுத்தால் சாயங்காலம் வரை யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. அம்மாவுக்குப் போன் செய்தால், "சாப்ட்டியாப்பா, குணா தம்பி சாப்டுச்சா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் போனதை நான் இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்டார் என்று சொல்கிறேன்.

வந்துவிடுங்கள். உங்கள் வேகத்திலேயே ஓடுவோம். செலக்ட் ஆகாவிட்டால் போகட்டும். வேண்டுமென்றே சொல்கிறேன், யோசித்துத்தான் சொல்கிறேன்.

பூவா

* * *

ஈமெயில்
20 டிசம்பர் 2025

பூவா,

யோசித்துச் சொல்கிறாயாம். நன்றாக யோசித்தாய்.

ஐந்து வருஷம் நான் விடிகாலையில் எழுந்து உன்னை எழுப்பி, தில்லிக் குளிரில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு ஓடினது நாம் இரண்டு பேரும் வாக்கிங் போவதற்கா? உன் அம்மா நல்ல கண் இருக்கிற பெண்ணுக்குச் செய்ய வேண்டியதையும் உனக்கே செய்தார்கள். உன் அக்கா அகல்யா தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டாள். எல்லாரும் உன் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகவா செய்தார்கள்? நீ ஓட வேண்டும் என்று செய்தார்கள்.

நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. கோபம் உன் கடிதத்தைப் படித்ததும் போய்விட்டது. அது இருந்தபோது கொஞ்சம் சௌகரியமாக இருந்தது. இப்போது சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பினபிறகு கிரவுண்டில் சும்மா நிற்கிறேன்.

ஷ்ரவணோடு ஒரே ஒரு தரம் முழுசாக ஓடு. மனசில் யாரையும் வைத்துக்கொள்ளாமல் ஓடு. ஓடிவிட்டு எழுது. அதுவரைக்கும் எழுதாதே, நான் பதில் போட மாட்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு.

குணா

* * *

ஆர்.கே.புரம்
31 டிசம்பர் 2025 (ஈமெயில்)

குணா அண்ணனுக்கு,

ஓடிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். முதலில் விழாவைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாலில் கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டம் எனக்கா, சாப்பாட்டுக்கா என்று சந்தேகம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாழை இலை வந்த விஷயத்தைக் கல்யாணராமன் சார் மைக்கிலேயே அறிவித்தார். சால்வை போட்டார்கள். ஷ்வேதா என்று ஒரு குழந்தை பாடியது. பிறகு என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

குடும்பம் என்று ஆரம்பித்து அம்மாவைச் சொன்னேன். எனக்குக் கண் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்ட நாளில் ஊரே அழுதபோது, அம்மா மட்டும் என்னை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வயல் வரப்பில் தனியாக நடக்கவிட்டுக் கூடவே வந்ததைச் சொன்னேன். அக்காவைச் சொன்னேன். ஆபீஸைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த சியாமளா மேடம் மூக்கை உறிஞ்சியது மேடைக்கே கேட்டது. அச்சுதன் சாரை இரண்டு தரம் சொன்னேன், நீங்கள் சொன்ன காரணத்துக்காக.

அதிர்ஷ்டம் என்று வந்ததும் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். என்ன செய்வது, என் அதிர்ஷ்டத்துக்கு வேறு பெயர் இல்லை. தில்லிக்கு வந்த புதிதில் மைதானத்து வாசலில் யாராவது கூட ஓட வருவார்களா என்று தினமும் உட்கார்ந்திருந்ததையும், ஒருநாள் ஒருவர் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே "தமிழா? ஓடணுமா?" என்று கேட்டதையும் சொன்னேன். "அவரு பேரு குணா" என்றேன்.

கைதட்டினார்கள். அது நின்றதும் கல்யாணராமன் சார் என்னிடமிருந்து மைக்கை வாங்கி, "குணா சார் எங்க இருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். அவருக்கும் ஒரு பொன்னாடை இருக்கு" என்று அறிவித்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு ஹால் அமைதியாகிவிட்டது. யாராவது எழுந்து வருகிறார்களா என்று நானும் காது கொடுத்துக் கேட்டேன் அண்ணா. நீங்கள் ஓசூரில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். உங்கள் நடை எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரிந்துவிடும். பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள், கதவைத் திறந்து வெளியே போனார்கள். "வரலை சார், ஊர்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொன்னாடையையும் என் மேலேயே போட்டுவிட்டார்கள்.

அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப இத்தினி நாளும் தனியாவாப்பா சாப்ட்ட?" என்று கேட்டார்கள்.

நேற்று வெயில் வந்தபிறகு மைதானத்துக்குப் போனோம். ஷ்ரவணிடம், "இன்னைக்குப் பேசாதீங்க, வளைவை மட்டும் சொல்லுங்க, கடைசியில ஃபுல்லுன்னு ஒரு தரம் சொன்னாப் போதும்" என்றேன். "அச்சா பையா" என்றார். சொன்னபடி செய்தார். அவர் குரலில் அந்த வார்த்தை வந்தபோது, எதையும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது. ஓடி முடித்துப் புல்லில் விழுந்து கிடந்தேன். பக்கத்தில் ஷ்ரவணுக்கும் இரைத்தது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அச்சுதன் சார் வாட்சைப் பார்த்துவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார்.

நேரத்தை உங்களுக்கு எழுதப் போவதில்லை. கேட்காதீர்கள். நல்ல நேரம், அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் அதை நான் சொல்ல நினைத்த ஒரே ஆளிடம் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

பூவா

* * *

ஈமெயில்
2 ஜனவரி 2026

பூவா,

நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? அச்சுதன் சாருக்குப் போன் செய்தேன். நாலு மாசம் கழித்துப் பேசுகிறேன், நலமா என்றுகூட அவர் கேட்கவில்லை. நேரத்தைச் சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னார்.

எதற்கு மறைத்தாய் என்று புரிகிறது. நம் நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் நான் உன்னை எவ்வளவு பின்னால் இழுத்தேன் என்று தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பாய். தெரிந்தது. அது கிடக்கட்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில், கையில் கயிறு இல்லாமல், பக்கத்தில் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிராமல், தருமபுரி கிரவுண்டில் ஒருநாள் ஓடினேன். என் ஆயுளிலேயே நான் வேகமாக ஓடின நாள் அதுதான். அன்றைக்கும் நீ என்னை முந்தியிருப்பாய்.

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான். கூடவே இன்னொன்றும் இருந்தது, அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. உன் அம்மா போன் செய்தார்கள். சாப்பிட்டாயா என்று என்னிடமே கேட்டார்கள், சாப்பிட்டேன் என்றேன்.

பிப்ரவரியில் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். ஓடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. எந்தப் பக்கம் உட்காருவேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன், ரேஸுக்கு முன்னால் வந்து பேசவும் மாட்டேன். நீ காதைத் தீட்டிக்கொண்டு தேடக் கூடாது. எல்லாரும் கத்துவார்கள், நான் கத்த மாட்டேன். ஓடும்போது உன் காதில் ஒரு குரல்தான் விழ வேண்டும், அது ஷ்ரவணுடையது.

குணா